பால் வரிசை

பொழுது இன்னும் முழுதாகப் புலரவில்லை. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், ஆனந்த் நகரைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் கதவு திறந்திருக்கிறது. வாசலில் மக்கள் வரிசையாக நிற்கின்றனர். ஒருவர் கையில் சிறிய தூக்கு. இன்னொருவர் தலையில் பளபளக்கும் குடம். பத்து எருமை வைத்திருப்பவரும் ஒரே ஓர் எருமையை நம்பி வாழ்பவரும் அதே வரிசையில்தான் நிற்கின்றனர். முதலில் வந்தவர் முதலில் பாலை ஊற்றுகிறார். ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சிறிதளவு மாதிரி எடுக்கப்படுகிறது. பாலின் அளவும் அதிலுள்ள கொழுப்பின் அளவும் அவரவர் கணக்கேட்டில் பதிவாகின்றன. மாலையிலும் இதே காட்சி. ஆண்டின் எல்லா நாள்களிலும், தீபாவளி அன்றுகூட, இவ்வரிசை நிற்பதில்லை. எருமைக்கு விடுமுறை கிடையாதே!

வளரும் நாடுகளில் ஊரக வளர்ச்சி என்றதும் சாலை, மின்சாரம், நீர்ப்பாசனம், கடனுதவி ஆகியவையே பலரின் நினைவுக்கு வரும். இவையனைத்தும் தேவைதான். ஆயினும், சாலை போட்ட பிறகும் முன்னேறாத ஊர்கள் உண்டு; கடன் வாங்கிய பிறகும் வறுமை நீங்காத குடும்பங்கள் உண்டு. ஆனந்த் வட்டாரத்துச் சிற்றூர்கள் முன்னேறியதற்குக் காரணம் தேடினால், அது ஒரு பகுதி இயந்திரத்திலும் ஒரு பகுதி மனிதரின் குணத்திலும் கிடைக்கிறது.

1940களில் அங்கு நிலைமை வேறாக இருந்தது. ஆனந்த் அப்போது கேடா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள உழவர்களுக்கு நிலம் குறைவு. வயலில் வேலை இல்லாத மாதங்களிலும் கையில் சிறிது காசு கொடுத்தது எருமைப் பால்தான். ஆனால், பாலுக்கு ஒரு பலவீனம் உண்டு. நெல்லை மூட்டை கட்டி வைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். பாலை அப்படி வைத்திருக்க முடியாது. வெயில் ஏறினால் அது திரிந்துவிடும். இதனை நன்கு அறிந்திருந்த இடைத்தரகர்கள், தாங்கள் சொன்னதே விலை என்று வாங்கினர். அளவும் அவர்கள் சொன்னதுதான். தரமும் அவர்கள் சொன்னதுதான். உழவருக்கு மறுத்துப் பேச வழியில்லை.

1945ஆம் ஆண்டு பம்பாய் அரசாங்கம் அம்மாநகர மக்களுக்காகப் பால் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆனந்திலிருந்து பால் கொண்டுசெல்ல ஏற்பாடானது. அதை வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்னும் தனியார் நிறுவனத்திற்கு மட்டுமே வழங்கப்பட்டது. நகரத்தில் பாலுக்கு நல்ல விலை இருந்தது. ஆனால், கறந்தவர் கைக்கு அந்த விலை வந்து சேரவில்லை.

உழவர்கள் சர்தார் வல்லபாய் பட்டேலை நாடினர். அவர் அதே மாவட்டத்தில் வளர்ந்தவர். பாலைப் பதப்படுத்தும் நிலையத்தை உழவர்களே கூட்டுறவு முறையில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு அரசு இணங்காவிட்டால் பால் கொடுக்க மறுக்கலாம் என்றார். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. மறுத்தால் சில காலம் இழப்பு ஏற்படும், அதைத் தாங்க அணியமாக இருக்கிறீர்களா என்றும் கேட்டார். 1946ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், சமர்க்கா என்ற ஊரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் நடந்தது. அங்கே முடிவு எடுக்கப்பட்டது. பதினைந்து நாள்கள் பம்பாய்க்குப் பால் போகவில்லை.

இன்று நாம் இதை ஒரே வரியில் படித்துவிடுகிறோம். ஓர் எருமை மட்டும் உள்ள குடும்பத்தை எண்ணிப் பார்த்தால்தான் அந்தப் பதினைந்து நாள்களின் எடை புரியும். தினமும் வரும் காசு வரவில்லை. தீவனச் செலவோ நிற்கவில்லை. யாராவது ஒருவர் இரவோடு இரவாகத் தரகரிடம் பாலை விற்றிருந்தால் அவருக்கு நல்ல விலைகூடக் கிடைத்திருக்கலாம். அவ்வாறு பலர் செய்திருந்தால் போராட்டம் அன்றே முடிந்திருக்கும். சொன்ன சொல்லைக் காத்ததால் அது முடியவில்லை. அரசு இறங்கி வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவுபெற்றது. தொடக்கத்தில் அதில் இருந்தவை இரண்டே ஊர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லிட்டர்.

சங்கம் தொடங்குவது ஒன்று. அதில் நேர்மையை நிலைநிறுத்துவது மற்றொன்று. பாலில் தண்ணீர் கலப்பது உலகெங்கும் பழைய பழக்கம். தரகர் ஏமாற்றுகிறார், ஆகவே நாமும் ஏமாற்றலாம் என்று நினைத்தவர்கள் கேடாவிலும் இருந்திருப்பர். இப்போது பாலை வாங்குவது தரகர் அல்லர். தம்முடைய சொந்தச் சங்கம். அதில் தண்ணீர் கலந்தால் அண்டை வீட்டாரை ஏமாற்றுவதாகும். இதை அறிவுரையாகச் சொல்லிவிட்டுச் சங்கம் ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வொருவர் பாலையும் சோதித்தது.

அந்தச் சோதனை எளிமையானது. சிறு கண்ணாடிக் குழாயில் பால் மாதிரியோடு கந்தக அமிலம் சேர்ப்பர். அமிலம் பாலிலுள்ள மற்றப் பொருள்களைக் கரைத்துவிடும். குழாயை ஓர் இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுற்றினால் கொழுப்பு மட்டும் மேலே வந்து நிற்கும். குழாயின் கழுத்தில் உள்ள கோடுகளைப் பார்த்து அதன் அளவைப் படிக்கலாம். (இப்போது மின்னணுக் கருவிகள் இவ்வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடுகின்றன.) கொழுப்பைக் கணக்கிட்டே பணம் கொடுக்கப்பட்டது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கின் மூலம் அறியலாம். ஒருவர் 7 விழுக்காடு கொழுப்புள்ள 2 லிட்டர் எருமைப் பாலைக் கொண்டுவருகிறார். அதில் ஏறத்தாழ 140 கிராம் கொழுப்பு இருக்கும். வழியில் அரை லிட்டர் தண்ணீரைக் கலந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பால் இரண்டரை லிட்டராகிவிடும். கொழுப்போ 5.6 விழுக்காடாக இறங்கிவிடும். கணக்கிட்டால் அதே 140 கிராம்தான். குடம் கனத்ததே தவிர, பணம் கூடவில்லை. அதோடு, தண்ணீர் கலந்த பாலைச் சங்கம் ஏற்க மறுத்தால் வரிசையில் நிற்பவர்கள் முன்னிலையில் தலைகுனிந்து திரும்ப வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சோதனை இருந்தால் நேர்மை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கருவியைப் படித்துச் சொல்பவரும் ஒரு மனிதரே. சங்கப் பணியாளர் தம் உறவினருக்கு 6 விழுக்காட்டை 7 என்று எழுதினால் எந்தக் கண்ணாடிக் குழாயும் அவரைத் தடுக்காது. பாத்திரத்தைச் சற்றுத் தாழ்த்தி அளந்தால் அந்த ஏழைப் பெண்ணுக்கு உடனே தெரியாது. கருவி பால் ஊற்றுபவரின் ஆசையைக் கட்டுப்படுத்தியது. கருவியைக் கையாள்பவரின் மனச்சான்று அக்கருவிக்கே மதிப்பைத் தந்தது. சோதனை எல்லாருக்கும் எதிரில் நடந்ததும், காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையிலேயே பணம் கொடுக்கப்பட்டதும் நம்பிக்கையை வளர்த்தன. தரகரிடம் ஏமாந்து பழகியவர்களுக்கு அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்திருக்காது. அது காலையும் மாலையுமாகச் சேர்ந்தது.

வரிசைக்கும் ஒரு கதை உண்டு. சாதி வேறுபாடு ஆழமாக வேரூன்றிய அச்சிற்றூர்களில், உயர்ந்தவர் எனக் கருதப்பட்டவர் தாழ்த்தப்பட்ட ஒருவருக்குப் பின்னால் நின்று தம் முறைக்குக் காத்திருப்பது சிறிய செய்தி அன்று. இந்துவின் பாலும் முஸ்லிமின் பாலும் ஒரே கேனில் கலந்தன. தேர்தல் வந்தால் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. எருமைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்குகள் கூடவில்லை. இதனால் சாதி மறைந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகும். வரிசை கலைந்து வீடு திரும்பிய பின் பழைய வழக்கங்கள் பல தொடர்ந்தன. பெண்களின் நிலையும் அப்படித்தான். தீவனம் வைப்பது, தொழுவத்தைக் கழுவுவது, கறப்பது எனப் பெரும்பாலான வேலைகளைப் பெண்களே செய்தனர். ஆயினும், பல சங்கங்களில் உறுப்பினராகப் பெயர் பதிந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இக்குறை பின்னர் ஓரளவே சீரானது.

சங்கத்தின் முதல் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். ஊர் ஊராகச் சென்று உழவர்களைச் சந்தித்துச் சங்கங்கள் அமைத்தார். மக்களோடு பேசவும் அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. இயந்திரங்களைப் பற்றித்தான் அவருக்குத் தெரியாது. அது தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. அந்த ஒப்புதல்தான் வர்கீஸ் குரியனை ஆனந்தில் தங்க வைத்தது.

குரியன் 1921இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பியதும், ஒப்பந்தப்படி பணியாற்ற ஆனந்திலிருந்த அரசாங்கப் பால் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். 1949ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அவர் அங்கு வந்து இறங்கியபோது மகிழ்ச்சியோடு வரவில்லை. அந்தச் சிறு நகரத்தில் புலால் உண்ணும் மணமாகாத இளைஞருக்கு வீடு கிடைக்கவில்லை. வண்டிக் கொட்டகை ஒன்றில் தங்கினார். எப்போது விடுபடுவோம் என்று நாள் எண்ணினார். வேலையிலிருந்து விலகும் அனுமதியும் சில மாதங்களில் கிடைத்தது.

அவர் புறப்படவிருந்த நேரத்தில் திரிபுவன்தாஸ் ஓர் உதவி கேட்டார். சங்கத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாயின. அவற்றுக்குப் பதிலாகப் புதிய இயந்திரம் வாங்க வேண்டும் என்று குரியன் முன்பே சொல்லியிருந்தார். அதைப் பொருத்தும்வரையாவது இருக்கக்கூடாதா என்பதே தலைவரின் வேண்டுகோள். சிறிது காலம் என்று தங்கியவர் ஆனந்தை விட்டுப் போகவே இல்லை. 2012இல் காலமாகும்வரை அதுவே அவர் ஊராயிற்று. குஜராத்தி மொழியைச் சரளமாகப் பேச அவருக்குக் கடைசிவரை வரவில்லை என்பர். உழவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தாம் உழவர்களிடம் வேலை செய்பவர் என்றே அவர் தம்மைச் சொல்லிக்கொண்டார். படித்தவர் ஊருக்கு வந்து கட்டளையிடுவது எளிது. ஊராரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் கணக்குச் சொல்வது அவ்வளவு எளிதன்று.

குரியனின் வேலைக்கு விரைவிலேயே ஒரு சோதனை வந்தது. எருமைகள் குளிர்காலத்தில் நிறையப் பால் கறக்கும், கோடையில் குறைத்துவிடும். குளிர்காலத்தில் மிஞ்சிய பால் முழுவதையும் பம்பாய் வாங்கிக்கொள்ளவில்லை. மிஞ்சியதை வேண்டா என்று சங்கமும் திருப்பியனுப்பினால் உழவர் மீண்டும் தரகரிடம்தான் போவார். ஆகவே, உறுப்பினர் கொண்டுவரும் பாலை எப்போதும் வாங்கிக்கொள்வது என்று சங்கம் உறுதியளித்தது. அதை நிறைவேற்ற, மிஞ்சிய பாலைப் பால்மாவாக மாற்ற வேண்டும். எருமைப் பாலிலிருந்து பால்மாவு தயாரிக்க முடியாது என்று மேலைநாட்டு வல்லுநர்கள் கூறினர். குரியனின் நண்பர் எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். 'அமுல்' என்ற பெயர் புகழ்பெற்றது இதன் பிறகுதான்.

கோடை வந்ததும் உழவரின் முறை வந்தது. பால் குறையும் காலத்தில் வெளியாள் வீட்டு வாசலுக்கே வந்து கூடுதல் விலை சொல்வார். அதை வாங்கிக்கொண்டால் இன்று இலாபம். ஆனால், குளிர்காலத்தில் அதே வெளியாள் வருவாரா? சங்கம் தன் வாக்கைக் குளிர்காலத்தில் காப்பாற்றியது. உறுப்பினர் தம் வாக்கைக் கோடையில் காப்பாற்ற வேண்டியிருந்தது. எல்லாரும் எப்போதும் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலோர் காப்பாற்றியதால்தான் சங்கம் நிலைத்தது.

1964ஆம் ஆண்டு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, மாட்டுத்தீவனத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து வைக்க அங்கு வந்தார். முதல் நாளே வந்து, ஓர் உழவரின் வீட்டில் விருந்தினராக இரவு தங்க விரும்பினார். அஜர்பூரா என்னும் ஊரில் வீடு வீடாகச் சென்று மக்களிடம் பேசினார். மறுநாள் அவர் குரியனிடம் தம் வியப்பைத் தெரிவித்தார். இங்குள்ள மண் சிறந்ததாகத் தெரியவில்லை; மழை மிகுதி இல்லை; எருமைகளும் மற்ற மாநிலங்களில் உள்ளவற்றைவிட உயர்ந்தவை அல்ல. பிறகு ஏன் நாட்டின் மற்றப் பால் பண்ணைகள் தோற்க, இது மட்டும் வெற்றிபெற்றது? இது உழவர்களுக்கே சொந்தமானது. அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இதை நடத்துகின்றனர் என்பதே கிடைத்த விடை.

நாடு முழுவதும் இதைப் பரப்ப 1965இல் தேசியப் பால்பண்ணை மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் தில்லியில் அல்லாமல் ஆனந்திலேயே இருக்க வேண்டும் என்பது குரியன் விதித்த நிபந்தனை. தலைவர் பதவிக்கு அவர் சம்பளம் வாங்கவில்லை. 1970இல் தொடங்கிய 'வெண்மைப் புரட்சி' கால் நூற்றாண்டு நீடித்தது. 1990களின் இறுதியில் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா உயர்ந்தது. தமிழ்நாட்டின் ஆவின் சங்கங்களும் ஆனந்த் முறையைப் பின்பற்றி அமைந்தவையே.

எனினும், ஆனந்த் முறை போன இடமெல்லாம் ஒரே மாதிரி செழிக்கவில்லை. கட்டடமும் இயந்திரமும் அப்படியே வந்தன. குளிரூட்டிய வண்டிகளும் வந்தன. சில இடங்களில் சங்கத் தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. உறுப்பினர்களுக்குப் பதிலாக அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் முடிவெடுத்தனர். பணம் பட்டுவாடா தாமதமானது. பணம் தாமதமானால் பால் ஊற்றுபவர் வேறு வாசலைத் தேடுவார். அவரைக் குறைகூற முடியாது.

இந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' என்னும் அப்படத்தைத் தயாரிக்கப் பணம் கொடுத்தவர்கள் குஜராத்தின் ஐந்து இலட்சம் பால் உற்பத்தியாளர்கள். ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தனர். படம் வெளிவந்ததும் தாங்கள் தயாரித்த படத்தைப் பார்க்க லாரிகளில் ஏறி நகரத்துத் திரையரங்குகளுக்குச் சென்றனர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, திரிபுவன்தாஸ் பட்டேல் தாமாகவே தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவரைத் தோற்கடிக்க யாரும் முயலவில்லை. இருக்கச் சொல்லியிருந்தால் இருந்திருக்கலாம். பிரிவு உபசாரமாக உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் சேர்த்து ஆறு இலட்சம் ரூபாய் பணமுடிப்பு அளித்தனர். அந்தப் பணத்தை அவர் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்லவில்லை. தாய்மார்களின் நலனையும் குழந்தைகளின் நலனையும் காக்க அதைக் கொண்டு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். அது தன் பணிக்குப் புதிய கட்டடங்களைத் தேடி அலையவில்லை. ஊர்ப் பால் சங்கங்களின் வழியாகவே செயல்பட்டது. எடை குறைந்த குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது, எந்தத் தாய்க்கு மருத்துவரின் உதவி வேண்டும் என்று அறிந்துவர ஊரிலேயே ஒரு நலப் பணியாளர் அமர்த்தப்பட்டார். காலையும் மாலையும் பால் ஏற்றிச் சென்ற சங்கத்தோடு, அந்தக் குழந்தைகளின் பெயர்களும் இணைந்தன.